பெங்களூர் ப்ரூபப் ஓனர்களுக்கு ஓசூர்க்காரி எழுதற திறந்த மடல்: அந்த போர்டுல இன்னும் நாலு விஷயம் எழுதுங்க

வணக்கம்ங்க. இந்திராநகர், கோரமங்களா, சர்ஜாபூர் ரோடு, ஹென்னூர், வைட்ஃபீல்டுன்னு ஊரு பூரா பெரிய பெரிய டேங்கு வெச்சு சொந்தமா பீர் காய்ச்சி ஊத்தற அத்தன முதலாளிங்களுக்கும் சேத்துதான் இத எழுதறேன். நான் ஓசூர்க்காரி, வேலைக்குன்னு பெங்களூர் வந்து பதிமூணு வருஷம் ஆச்சு, இப்பவும் ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா அத்திப்பள்ளி தாண்டி ஊருக்குப் போய் அம்மா கையால சாப்ட்டுட்டு வர்ற ஆளு. அம்மா இதெல்லாம் படிக்க மாட்டாங்கங்கற ஒரே தைரியத்துல எழுத ஒக்காந்திருக்கேன், யாராச்சும் அவங்களுக்கு ஃபார்வர்டு பண்ணீங்கன்னா என் பாவம் உங்கள சும்மா விடாது.

நாங்க ஒரு நாலு பேர் செட்டு. மூணு பொண்ணுங்க, ஒரு அண்ணன். மாசத்துல ஒரு சனிக்கிழம ஏதாவது ஒரு ப்ரூபப்புக்குப் போவோம், ஒரே ஒரு ரூல்தான், யாரும் வண்டி எடுக்கக் கூடாது. மெட்ரோ, பஸ், ஆட்டோ, இல்லன்னா நட. 2023 அக்டோபர்ல பர்ப்பிள் லைன் சல்லகட்டால இருந்து வைட்ஃபீல்டு வரைக்கும் விட்டுப்போகாம ஓட ஆரம்பிச்சதுக்கு அப்புறம் எங்களுக்கு ஊரே சின்னதா ஆயிடுச்சு, அதுக்கு முன்னாடி வைட்ஃபீல்டு போறதுன்னா சோத்துமூட்டை கட்டிட்டுப் போகணும். அப்ப இருந்து இப்ப வரைக்கும் இருபத்தஞ்சு இடத்துக்கு மேல ஏறி எறங்கிட்டோம், சில எடத்துக்கு நாலஞ்சு தடவ. அதனால சும்மா ஒரு நாள் போயிட்டு வந்து கொற சொல்றவ இல்ல நானு, உங்க கடைங்கள உண்மையாவே பிடிச்சுப்போய் காசு செலவழிக்கற ஆளு, அத மொதல்ல மனசுல வெச்சுக்கங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன். இன்னிக்கு என்னென்ன பீர் இருக்குன்னு கடையில சாக்பீஸால எழுதி வெக்கறீங்கல்ல, அந்த போர்டப் பத்திதான் பேசப் போறேன். இந்த மடலுக்குக் காரணம் எங்க மாமா.

மாமான்னா அம்மாவோட தம்பி. ஓசூர்ல வாட்ச் ஃபேக்டரியில முப்பது வருஷம் வேலை பாத்து ரிடையர் ஆனவரு. அவருக்குத் தெரிஞ்ச பீர்னா டாஸ்மாக்ல கெடைக்கற 650 மில்லி பாட்டில்தான், அதுவும் வருஷத்துக்கு ரெண்டு மூணு. போன மழைக்காலத்துல கண்ணு செக்கப்புக்கு பெங்களூர் வந்தாரு, செக்கப் முடிஞ்சு சாயங்காலம் சும்மாதான இருக்கோம்னு, "பாப்பா, நீங்கல்லாம் போற அந்தக் கடைக்கு என்னயும் கூட்டிட்டுப் போயேன், அக்காகிட்ட சொல்ல மாட்டேன்"னாரு. எனக்கு சிரிப்பு தாங்கல, அவரு சொல்லாம இருப்பாருன்னா நானும் சொல்ல மாட்டேன்னு ஒப்பந்தம் போட்டு கூட்டிட்டுப் போனேன். எந்தக் கடைன்னு சொல்லப் போறதில்ல, ஏன்னா நடந்தது அந்த ஒரு கடையில மட்டும் நடக்கற விஷயம் இல்ல.

ஒக்காந்தோம். பையன் வந்தான். "ஒன் பைன்ட் ஆர் பிட்சர், சார்?" மாமா கேட்டாரு, "ஒரு பைன்ட்டுன்னா எத்தன மில்லி தம்பி?" பையன் முழிச்சான். "ஸ்டாண்டர்டு பைன்ட் சார்." "அதான் எத்தன?" போய் யார்கிட்டயோ கேட்டுட்டு வந்து 330ன்னான். பக்கத்துல போன இன்னொருத்தர் 400ன்னாரு. கடைசில க்ளாஸ் வந்துச்சு, மேல மூணு விரக்கடை நுரை. மாமா ஒண்ணும் சொல்லல, பொறுமையா குடிச்சு முடிச்சாரு. அப்புறம் மேசை மேல இருந்த அரை லிட்டர் தண்ணி பாட்டிலத் தெறந்து அந்தக் காலி க்ளாஸ்ல விளிம்பு வரைக்கும் ஊத்துனாரு. பாட்டில்ல கால்வாசி மிச்சம் இருந்துச்சு. "குத்துமதிப்பா 375 பிடிக்குது, அதுல மூணு விரக்கடை நுரை, மிச்சத்த நீயே கணக்குப் போட்டுக்க"ன்னுட்டு, "நாங்க ஒரு பல்சக்கரத்துக்கு மைக்ரான் பாத்தோம் பாப்பா, இவங்க ஒரு க்ளாஸுக்கு மில்லி சொல்ல மாட்டேங்கறாங்க"ன்னாரு.

எனக்கு அசிங்கமா போச்சுங்க. பதிமூணு வருஷத்துல நான் ஒரு தடவ கூட அந்தக் கேள்விய கேட்டதில்ல. பைன்ட்னா பைன்ட்தானன்னு குடிச்சிட்டு காசக் குடுத்துட்டு வந்துட்டு இருந்திருக்கேன்.

யோசிச்சுப் பாருங்க. பிரிட்டன்ல பைன்ட்னா 568 மில்லி, அமெரிக்கால 473. நம்ம ஊரு பார்ல பைன்ட்னா 330 மில்லி சின்ன பாட்டில். உங்க கடைங்கள்ல அது எதுவா வேணா இருக்கலாம், க்ளாஸ் வாங்கின அன்னிக்கு சப்ளையர்கிட்ட எது ஸ்டாக் இருந்துச்சோ அதுதான் அளவு போல. விஸ்கின்னா 30, 60ன்னு அளவுக்கிண்ணம் வெச்சு, சொட்டு கூட குறைய சண்டை வரும்னு பயந்து பயந்து ஊத்தறீங்க. பீருக்கு மட்டும் கண்ணளவு. ஜெர்மனில பீர் க்ளாஸ்ல ஒரு கோடு போட்டே ஆகணும்னு சட்டம், கோடு வரைக்கும் பீரு, அதுக்கு மேலதான் நுரை. ஜெர்மன் ஸ்டைல் வீட் பீர், அதான் கோதுமை பீர்னு பேரு போடறீங்கல்ல, அந்தக் கோட்டையும் சேத்து இறக்குமதி பண்ணியிருக்கலாம்.

சரி, அளவ விடுங்க, ரெண்டாவது விஷயம் இதவிட முக்கியம். கிக்கு எவ்ளோன்னு, அதாவது ஆல்கஹால் எத்தன சதவீதம்னு எழுதுங்க. பாதிக்குப் பாதி கடைல எழுதறதில்ல, எழுதற கடைலயும் மெனுல ஒண்ணு இருக்கு, போர்டுல ஒண்ணு இருக்கு, பையன் சொல்றது மூணாவதா ஒண்ணு. பாட்டில் பீர்ல சதவீதம் அச்சடிச்சே ஆகணும், 5 வரைக்கும் மைல்டு, அதுக்கு மேல 8 வரைக்கும் ஸ்ட்ராங்குன்னு பிரிச்சு வெச்சிருக்காங்க. குழாயில வர்றதுக்கும் அதே மரியாதை குடுத்தா என்ன?

இது எதுக்கு முக்கியம்னா, கணக்கு போட்டுப் பாத்தேன். அரை லிட்டர் மக்குல 5% பீர் இருந்தா சுத்தமான ஆல்கஹால் 25 மில்லி. நம்மூர்ல ஒரு லார்ஜ் பெக், அதாவது 60 மில்லி, 42.8% சரக்குன்னா 25 சொச்சம். ஆக ஒரு மக் ஒரு லார்ஜ். இது வரைக்கும் சரி. அதே மக்குல 8% பீர் ஊத்தினா 40 மில்லி. மூணு மக் குடிச்சா 120. ஒரு குவார்ட்டர்ல, அதாவது 180 மில்லில, 77 மில்லி ஆல்கஹால், அப்ப மூணு மக்குன்னா ஒன்றரை குவார்ட்டருக்கும் மேல. ஒன்றரை குவார்ட்டர் அடிச்சிட்டு வந்தேன்னு ஒருத்தன் சொன்னா நாம என்ன சொல்லுவோம்? "மூணு பீர்தான் குடிச்சேன்"னு சொன்னா விட்டுடுவோம். இந்த ஊர்ல பாதி பேரு அந்த "மூணு பீர்தான்" கணக்குல வண்டி சாவிய எடுக்கறாங்க. ரத்தத்துல 100 மில்லிக்கு 30 மில்லிகிராம், அதான் சட்டம் சொல்ற எல்லை, தாண்டி மாட்டினா மொத தடவையே பத்தாயிரம் ரூவா அபராதமோ ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலோ, இல்ல ரெண்டுமோ. ஃபைன் போனா போகட்டும், எதுத்தாப்ல வர்றவன் என்ன பண்ணான் பாவம்.

இதுல இன்னொரு கூத்து, கறுப்பா இருந்தா ஸ்ட்ராங்குன்னு ஒரு நம்பிக்கை. எங்க செட்டு அண்ணனே ரொம்ப நாள் அப்டித்தான் நெனச்சிட்டு இருந்தாரு. கின்னஸ்ங்கற பீர் கன்னங்கரேல்னு இருக்கும், அது 4.2%தான். பெல்ஜியம் ஸ்டைல் ட்ரிப்பெல் தங்கக் கலர்ல அப்பாவியா இருக்கும், தூக்கி அடிச்சிடும். கறுப்பு வறுத்த மால்ட்டுனால, அதான் மொளைக்க வெச்சு காய வெச்ச தானியத்தால வர்றது, காப்பிக்கொட்டைய கருக வறுக்கற மாதிரி. கலரப் பாத்து கிக்கு கண்டுபிடிக்க முடியாதுங்கறப்ப எழுதி வெக்கறது ஒண்ணுதானே வழி?

கோச்சுக்கிட்டே போறேன்னு நெனைக்காதீங்க. நல்லதும் சொல்றேன், சொல்லாட்டி மனசு கேக்காது. 2010ல 100 ஃபீட் ரோட்ல டாய்ட்ங்கற ப்ரூபப் வந்தப்ப நான் காலேஜ்ல இருந்தேன், வேலைக்கு சேந்த மொத வருஷம் சீனியர் அக்கா ஒருத்தங்க கூட்டிட்டுப் போயி பாஸ்மதி ப்ளாண்ட் வாங்கிக் குடுத்தாங்க, பிரியாணி அரிசில பீரான்னு நான் நம்பவே இல்ல. நம்ம அரிசியப் போட்டு லேசா ஒரு பீர் காய்ச்சலாம்னு யாருக்கோ தோணியிருக்கு பாருங்க, அதுக்கே ஒரு சல்யூட். லாவெல் ரோடு பக்கம் பியர் க்ளப், மாக்ரத் ரோட்ல 2012ல மிச்சிகன் ஆன் ஆர்பர் ஊர்ப் பேர அப்டியே தூக்கிட்டு வந்த ஆர்பர், வைட்ஃபீல்டுல புத்தக அலமாரியும் ஜாஸ் கச்சேரியுமா வீட்டு ஹால்ல ஒக்காந்த மாதிரி இருக்கற விண்ட்மில்ஸ், ஓல்ட் மெட்ராஸ் ரோட்ல போயி உள்ள திரும்பினா மரத்துக்கு நடுவுல வர்ற கைஸ்ட் ஃபேக்டரி. அந்த ரோட்டுப் பேரக் கேட்டா எனக்கு ஒவ்வொரு தடவையும் சிரிப்பு வரும், மெட்ராஸுக்குப் போற ரோட்ல பீருக்காகப் போறோம், ஆனா மெட்ராஸ்ல ஒரு ப்ரூபப்புக்கு நான் போனதே இல்ல. சென்னை ஃப்ரெண்ட்ஸு வந்தா கோயில் பாக்க வந்த மாதிரி லிஸ்டு போட்டுட்டு வர்றாங்க.

ஆனா பழைய கதை அப்டி இல்ல. மைக்ரோ ப்ரூவரின்னு இந்தியால ஆரம்பிச்சது 2009 வாக்குல, புனேல டூலாலி, குர்கான்ல ஹௌசாட். அதுக்கு நூறு வருஷம் முன்னாடியே நம்ம பக்கத்துல பீர் காய்ச்சிட்டுதான் இருந்தாங்க, நீலகிரில காஸில் ப்ரூவரி 1857லயே வந்தாச்சு. 1915ல ஒரு ஸ்காட்லாந்துக்காரர், தாமஸ் லெய்ஷ்மன்னு பேரு, நீலகிரி, மெட்ராஸ், பெங்களூர்ப் பக்கம் இருந்த அஞ்சு சின்ன ப்ரூவரிய ஒண்ணா சேத்து யுனைடெட் ப்ரூவரீஸ்னு ஆரம்பிச்சாரு, அதான் பின்னாடி கிங்ஃபிஷர். பீப்பாய மாட்டுவண்டில ஏத்தி பட்டாளத்துக்கு அனுப்பின காலம் அது. இத மாமாகிட்ட சொன்னப்ப, "அப்ப பீப்பாய்ல அளவு இருந்திருக்கும்ல"ன்னாரு. மனுஷன் விட மாட்டாரு.

போர்டுக்கு வெளிய ஒரு விஷயம், உங்க பசங்களுக்கு சொல்லிக் குடுங்க. அவங்க மேல எனக்கு கோவமே இல்ல, பாவம் எங்கெங்க இருந்தோ வந்து ராத்திரி ரெண்டு மணிக்கு ரூமுக்குப் போற பசங்க. அன்னிக்கு மாமா ஹெஃபெவைசன்ங்கற ஜெர்மன் ஸ்டைல் கோதுமை பீர ஒரு வாய் வெச்சிட்டு "இதுல வாழப்பழம் போட்டிருக்காங்களா பாப்பா?"ன்னாரு. நான் சொல்றதுக்குள்ள பையன் முந்திக்கிட்டு "எஸ் சார், பனானா ஃப்ளேவர்"னான். மாமா மூஞ்சி சுருங்கிடுச்சு. எசன்ஸ் ஊத்தின சர்பத்துக்கா இவ்ளோ காசுன்னு. உண்மை என்னன்னா அதுல ஒரு துளி வாழப்பழம் கெடையாது. கோதுமை மால்ட்டு, பார்லி மால்ட்டு, கசப்புக்குப் போடற ஹாப்ஸு பூ, தண்ணி, அப்புறம் ஈஸ்ட்டு. அந்த ரக ஈஸ்ட்டு சக்கரையத் தின்னுட்டு வேலை செய்யறப்ப தானா உண்டாக்கற வாசனை அது, வாழப்பழ எசன்ஸ்ல எந்தப் பொருள் மணக்குதோ அதே பொருளு, கூடவே லேசா கிராம்பு வாசனையும். இட்லி மாவு புளிக்கறப்ப யாரும் வாசனைய வெளிய இருந்து ஊத்தறதில்லல்ல, அந்த மாதிரின்னு நான் சொன்னதும் மாமா கண்ணு விரிஞ்சிடுச்சு. அதுக்கப்புறம்தான் அவரு அந்தக் க்ளாஸ மரியாதையா பாத்தாரு. உங்க ப்ரூவர், அதான் பீர் காய்ச்சறவரு, ரெண்டு மூணு வாரம் உசுரக் குடுத்து கொண்டுவந்த விஷயத்த ஒரே வார்த்தைல "ஃப்ளேவர்"னு முடிச்சிட்டான் பையன். நஷ்டம் யாருக்கு?

எந்தக் கடைக்குப் போனாலும் இந்த கோதுமை பீருதான் முன்னாடி நிக்குது, அதுவும் ஏன்னு புரியுது. லேகர்ங்கற வகைன்னா குளிர்ல வாரக்கணக்கா டேங்க்ல கெடக்கணும், டேங்க் காலியாகாது, வாடகை ஓடிட்டே இருக்கும். வீட் பீர் சீக்கிரம் தயாராயிடும், கலங்கலா இருந்தாலும் அதுதான் அதோட அழகு, கசப்பு கம்மி, புதுசா வர்றவங்க முகம் சுளிக்க மாட்டாங்க. வியாபாரம் புரியுது சார். ஆனா போர்டுல எட்டு பீர் எழுதி வெச்சிட்டு, கேட்டா "வீட் பீரும் லேகரும் மட்டும்தான் மேடம் இருக்கு"ன்னு சொல்றது என்ன நியாயம்? மைசூர்ல இருந்து ஒரு ஃப்ரெண்டு ஸ்டௌட்டுங்கற கறுப்பு பீருக்குன்னே வந்து ஏமாந்து போனா ஒரு தடவ. தீந்ததுன்னா சாக்பீஸ எடுத்து ஒரு கோடு அடிங்க, அவ்ளோதான, அதுக்கு லைசன்ஸு வேணுமா?

மூணாவதா, போர்டுல தேதியும் போடுங்க. இந்த டேங்க் எப்ப குழாய்க்கு வந்துச்சுன்னு. பால் பாக்கெட்ல பாக்கறோம், ப்ரெட்ல பாக்கறோம். ஃப்ரெஷ் பீர் ஃப்ரெஷ் பீர்னு பெருசா எழுதி வெக்கறீங்க, எப்ப இருந்து ஃப்ரெஷ்ஷுன்னு மட்டும் ரகசியம். ஒரு எடத்துல, பேரு வேணாம், லேகர் வாங்கினா தியேட்டர் பாப்கார்ன் வாசனை. வெண்ணெய் வாசனை. அது ஈஸ்ட்டு தன் வேலைய முடிக்கறதுக்கு முன்னாடியே அவசரப்பட்டு எடுத்தாலும் வரும், பீர் வர்ற குழாய ஒழுங்கா கழுவாம விட்டு கிருமி சேந்தாலும் வரும். குழாய ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா கழுவணும்ங்கறது இந்தத் தொழில்ல இருக்கறவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச கணக்கு. நான் பவ்யமா சொன்னேன், தம்பி இது சரியில்லன்னு. "தட்ஸ் த ஸ்டைல் மேடம்"னு பதில். எங்க அண்ணன் எடுத்து மோந்து பாத்துட்டு அதே வார்த்தைய சொன்னதும் உடனே "சாரி சார், மாத்தித் தரேன்". அங்கதான் எனக்கு சுருக்குன்னுச்சு.

இத சொல்லணும்னு நெனக்கல, வந்துடுச்சு, சொல்லிடறேன். நாங்க நாலு பேர்ல பீர் பத்தி நாலு விஷயம் தெரிஞ்சவ நான்தான். ஆனா மெனு எப்பவும் அண்ணன் கையிலதான் போகும். எனக்கு காக்டெயில் பக்கத்தத் திருப்பிக் காட்டுவாங்க, இல்லன்னா "மேடம், சம்திங் லைட், சம்திங் ஸ்வீட்?" நான் ஐபிஏங்கற கசப்பு வகை பீர் சொன்னா "மேடம் அது கசக்கும்"னு ஒரு எச்சரிக்கை. பாகக்கா பொரியல் சாப்ட்டு வளந்தவடா நானு. டேஸ்ட் பாக்க சின்ன க்ளாஸு வந்தா மொத க்ளாஸ் அண்ணனுக்கு, அவரு தலையாட்டினா எங்களுக்கும் சரி. அவருக்கே வெக்கமா போயி இப்பல்லாம் "அவங்ககிட்ட கேளுங்க"ன்னு கைய காட்டிட்டு போனப் பாக்க ஆரம்பிச்சிடறாரு. ஊர்ல ஒரு பொண்ணு பீர் குடிக்கறான்னா என்ன பேச்சு வரும்னு உங்களுக்கே தெரியும், அதெல்லாம் தாண்டி வந்து ஒக்காந்தா இங்கயும் ஒரு மாதிரி ஓரங்கட்டறாங்க. போர்டு பெருசா, தெளிவா, எல்லாரும் பாக்கற மாதிரி இருந்தா யார் கையிலயும் மெனு போக வேண்டியதில்ல பாருங்க.

க்ளாஸ் பத்தியும் ஒரு வார்த்தை. பீர் ஊத்தினதும் க்ளாஸ் உள்பக்கம் சுவத்துல குமிழ் குமிழா ஒட்டிட்டு நின்னா அந்தக் க்ளாஸ் சரியா கழுவலன்னு அர்த்தம், எண்ணெயோ சோப்போ ஒட்டியிருக்கு. அப்புறம் ஃப்ரீஸர்ல வெச்ச க்ளாஸு வேணாம்ங்க, பனி உருகி பீர்ல கலக்கும், நாக்கு மரத்துப் போயிடும், அப்புறம் வாழப்பழம் எங்க, கிராம்பு எங்க. ஐஸ் மாதிரி குடிக்கறதுக்கு டாஸ்மாக் பாட்டிலே போதும்.

நாலாவது, ப்ரூவர் யாருன்னு போர்டுல ஒரு பேரு போட்டா என்ன கொறஞ்சிடும்? பெரிய பெரிய கடைல கண்ணாடிக்குப் பின்னாடி டேங்க் எல்லாம் நீல லைட்டு போட்டு கல்யாண மண்டபம் மாதிரி ஜொலிக்குது, ஆயிரம் பேர் ஒக்கார்ற அளவுக்கு எடம், நடுவுல குளம், மரம், மேல டிஜே. எட்டு மணிக்கு மேல பக்கத்துல இருக்கறவகிட்ட உப்பு கேக்கணும்னா வாட்ஸப்புல கேக்கணும். எல்லாம் இருக்கு, காய்ச்சினவரு மட்டும் எங்கயும் இல்ல. ஒரு மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்துல ஒரு கடைல ரப்பர் பூட்ஸு போட்டுட்டு ஒருத்தர் டேங்க்குள்ள இருந்து மால்ட்டுச் சக்கைய வாரிட்டு இருந்தாரு, சும்மா போயி பேசினேன். அரை மணி நேரம் பேசினாரு, மால்ட்டு ஜெர்மனில இருந்து வருது, ஹாப்ஸு அமெரிக்கால இருந்து, தண்ணிய மட்டும் இங்க ஆர்ஓ பண்ணி அதுல தேவையான உப்ப திருப்பி சேக்கணும்னு. நூறு லிட்டர் பீருக்கு இருபது கிலோ பக்கமா ஈரச் சக்கை வருமாம், பெரும்பாலும் மாட்டுக்குப் போயிடும், இந்த ஊர்லயே சேவிங் க்ரெய்ன்ஸ்னு ஒருத்தங்க அத மாவாக்கி பிஸ்கட்டு ரொட்டி வரைக்கும் கொண்டு போறாங்க. அன்னிக்குக் குடிச்ச அந்த ஒரு க்ளாஸு எனக்கு இன்னும் நாக்குல நிக்குது, பீர் அவ்ளோ பிரமாதமா இருந்துச்சான்னு கேட்டா தெரியல, கதையோட குடிச்சேன், அவ்ளோதான்.

தண்ணின்னதும் ஞாபகம் வந்துச்சு. ஒரு லிட்டர் பீருக்கு நாலஞ்சு லிட்டர் தண்ணி சர்வசாதாரணமா போகும், டேங்க் கழுவறதெல்லாம் சேத்து. சின்ன ப்ரூவரில இன்னும் கூடவே. 2024 மார்ச்ல இந்த ஊரு டேங்கர் லாரிக்கு வரிசைல நின்னத நானும் பாத்தேன், என் அபார்ட்மென்ட்ல பக்கெட் கணக்கு. நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்து மேட்டுல ஏத்திக் கொண்டு வர்ற காவிரி இது. எங்க ஓசூருக்கும் ஒகேனக்கல்ல இருந்து அதே காவிரிதான் குழாய்ல வருது. ரெண்டு மாநிலமும் கோர்ட்டுக்குப் போயி சண்ட போட்ட தண்ணிய நீங்க பீராக்கித் தர்றீங்க, நான் ரெண்டு பக்கமும் குடிக்கறேன், எனக்கு யார் பக்கம்னு கேக்காதீங்க. எவ்ளோ தண்ணி செலவாகுது, எவ்ளோ மறுபடி உபயோகப்படுத்தறீங்கன்னு அதையும் போர்டோட ஓரத்துல எழுதற மொத கடைக்கு எங்க செட்டு நாலு பேரும் மாசா மாசம் வர்றோம்னு வாக்கு குடுக்கறேன்.

கடைசியா ஒண்ணு கேக்கறேன், இதுதான் எனக்கு உண்மையாவே வேணும். 200 மில்லி க்ளாஸ் ஒண்ணு வைங்க. ஜெர்மனில கொலோன் ஊர்ல அவங்க ஊரு பீரான கோல்ஷ் 200 மில்லி க்ளாஸ்லதான் வரும், ஒல்லியா உருளையா ஒரு க்ளாஸு. சூடாகறதுக்குள்ள குடிச்சிடலாம், வேணும்னா இன்னொண்ணு. எங்கள மாதிரி ஆளுங்களுக்கு நாலு வகை டேஸ்ட் பாக்கணும், ஆனா நாலு மக் குடிக்கற ஒடம்பு கெடையாது, ஆசையும் கெடையாது. ஓசில குடுக்கற அந்தக் குட்டி டேஸ்டர்ல ஒரு வாய்க்கு மேல வராது, ரெண்டாவது தடவ கேட்டா பையன் மூஞ்சி மாறுது, அது நியாயம்தான். அதுக்கும் மக்குக்கும் நடுவுல எதுவுமே இல்ல, பல கடைல. காசு வாங்கிக்கங்க சார், ஓசி வேணாம். 5% பீர்ல ரெண்டு சின்ன க்ளாஸு குடிச்சா 20 மில்லி, ஒரு லார்ஜுக்கும் கம்மி. காங்கிரஸ் கடலை ஒரு தட்டு, நெய் ரோஸ்ட்டு ஒரு தட்டு, பேசிட்டே ரெண்டு மணி நேரம் ஓட்டிட்டு பத்து மணிக்கு எந்திரிச்சா மெட்ரோ பிடிச்சிடலாம். கடைய ஒரு மணி வரைக்கும் தொறந்து வெக்கலாம்னு 2024ல அரசாங்கம் சொல்லிடுச்சு, மெட்ரோ பதினொண்ணு வாக்குலயே கடைசி வண்டிய எடுத்துட்டுப் போயிடுது. நடுவுல இருக்கற அந்த ரெண்டு மணி நேரத்துல யாரு எப்டி வீட்டுக்குப் போறாங்கன்னு நீங்க பாக்கறதில்ல, வாசல்ல வாலே பார்க்கிங் பையன் வரிசையா கார எடுத்துக் குடுத்துட்டு இருக்கான். கடைசி மெட்ரோ எத்தன மணிக்குன்னு, அதையும் அந்த போர்டுலயே எழுதிடுங்களேன், சாக்பீஸுதான.

அளவு, கிக்கு, தேதி, காய்ச்சினவரு பேரு. நாலே நாலு விஷயம்தான் கேக்க வந்தேன், கூட வேற என்னென்னமோ கொட்டிட்டேன், மன்னிச்சுக்கங்க.

மாமாவுக்கு அடுத்த மாசம் மறுபடி கண்ணு செக்கப் இருக்கு. இப்ப எல்லோ லைன் வேற வந்துடுச்சா, ஓசூர்ல இருந்து பஸ்ஸுல பொம்மசந்திரா வந்து, அங்க மெட்ரோ ஏறி ஆர்வி ரோட்ல மாறி, மெஜஸ்டிக்ல மாறி, இந்திராநகர்ல எறங்கற வரைக்கும் ரூட்ட பேப்பர்ல எழுதி சட்டைப் பையில வெச்சிருக்காராம். செக்கப் அந்தப் பக்கமே இல்ல, அது வேற விஷயம். போன்ல சொன்னாரு, "இந்த தடவ வீட்ல பழைய பால் படி ஒண்ணு கெடக்குது பாப்பா, கால் லிட்டரு, சீல் வெச்சது, பையில போட்டுட்டு வந்துடறேன்." நான் வேணாம்னு சொல்லிப் பாத்துட்டேன். கேக்கற ஆளு இல்ல அவரு, முன்கூட்டியே உங்களுக்கும் சொல்லிட்டேன், எந்தக் கடைக்கு வருவோம்னு மட்டும் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
சனிக்கிழம சாயங்காலம் மூல டேபிள்ல ஒக்கார்ற ஓசூர்க்காரி